விருந்தும் கணக்கும்



சீன நாட்டு நகரம் ஒன்றின் உணவு விடுதியை மனக்கண் முன் நிறுத்திக்கொள்ளுங்கள். மாலைப் பொழுது. வட்டமான மேசையைச் சுற்றி எட்டுப் பேர் அமர்ந்து உண்டு முடித்திருக்கின்றனர். தேநீர்க் கிண்ணங்கள் கடைசி முறையாக நிரப்பப்படுகின்றன. பணியாள் பில்லைக் கொண்டு வருகிறார். அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்களில் இருவர் திடீரென எழுகின்றனர். ஒருவர் பில்லைப் பற்றுகிறார். மற்றவர் அவருடைய கையைப் பற்றுகிறார். குரல் உயர்கிறது. ஒருவரை ஒருவர் தள்ளுகின்றனர். ஒருவர் பணத்தைப் பணியாளின் கையில் திணிக்கிறார். மற்றவர் அதனைப் பறித்து, கொடுத்தவரின் சட்டைப் பையிலேயே திரும்பச் செருகுகிறார். மொழி அறியாத அயலார் ஒருவர் இதனைக் காண்பாராயின், பெருஞ்சண்டை மூண்டுவிட்டது என்றே அஞ்சுவார். உண்மை அதற்கு நேர்மாறானது. அவ்விருவரும் நெருங்கிய நண்பர்கள். 'நான் கொடேன்' என்று அவர்கள் வழக்காடவில்லை. 'நானே கொடுப்பேன்' என்றுதான் வழக்காடுகின்றனர்.

பிற நாட்டாரின் வழக்கம் ஒன்றைக் காணும்போது, 'இஃது என்ன வேடிக்கை!' என்று நகைத்துவிட்டுப் போவது எளிது. அதன் வேர் எங்கே இருக்கிறது என்று தேடுவதே கற்றவர்க்கு அழகு. ஆதலால், பலர் கூடி உண்டபின் பணம் கொடுப்பது யார் என்னும் சிறிய கேள்விக்குச் சீன மக்கள் கண்ட விடையை இன்று சற்றே ஆராய்வோம்.

முதலில் அவர்களுடைய சொல்லையே எடுத்துக்கொள்வோம். சீன மொழியில் 'சிங் கெ' என்று ஒரு தொடர் உண்டு. 'விருந்தினரை அழைத்தல்' என்பது அதன் நேர்ப்பொருள். ஆனால், 'செலவை நான் ஏற்கிறேன்' என்பதற்கும் அதுவே சொல். அழைப்பதும் கொடுப்பதும் அங்கே ஒரே செயல். ஆகவே, முதல் விதி தெளிவானது: அழைத்தவர் கொடுப்பார். விருந்துக்கு அழைக்கப்பட்டுச் சென்றவர், நல்லெண்ணத்தாலேயே ஆயினும், முந்திச் சென்று முழுப்பணத்தையும் கட்டிவிட்டால் அது விருந்தளித்தவருக்கு உதவி ஆகாது. பலர் முன்னிலையில் அவரைத் தலைகுனியச் செய்ததாகவே முடியும்.

அழைப்பு என்று ஏதும் இல்லாமல் நண்பர்கள் தற்செயலாகக் கூடினால் என் செய்வது? அதற்கும் வழக்கம் வழி வகுத்திருக்கிறது. வயதில் மூத்தவர் இளையவர்க்காகக் கொடுப்பார். பதவியில் உயர்ந்தவர் தம்கீழ்ப் பணிபுரிவோர்க்காகக் கொடுப்பார். ஆசிரியர் மாணவர்க்காகக் கொடுப்பார். வெளியூர் நண்பர் வந்திருந்தால், உள்ளூர்க்காரர் தாமே வீட்டுக்குரியவர் என்னும் முறையில் கொடுப்பார். பதவி உயர்வு பெற்றவர், தேர்வில் வென்றவர், மகப்பேறு கண்டவர் ஆகியோர் தம் மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ளும் வகையில் கொடுப்பர். இவற்றுள் எதுவும் பொருந்தாமல், கூடியவர் அனைவரும் ஒத்த நிலையினராக இருக்கும்போதுதான் நாம் முதலில் கண்ட போராட்டம் வலுக்கிறது.

அந்தப் போராட்டத்திற்கும் இலக்கணம் உண்டு. விருந்தினராகச் சென்றவரும் பணம் கொடுக்க முன்வரவேண்டும். வாளா அமர்ந்திருப்பது நாகரிகம் அன்று. ஓரிரு முறை வற்புறுத்தவும் வேண்டும். ஆயினும், அழைத்தவர் உறுதியாக நிற்கும்போது விட்டுக்கொடுத்துவிட வேண்டும். விட்டுக்கொடுக்கும்போது, 'அடுத்த முறை நான்' என்று ஒரு சொல் சொல்லவேண்டும். இந்தக் கடைசிச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பொருளின் திறவுகோல் அதுவே.

அனுபவம் மிக்கவர்கள் இத்தகைய போராட்டத்திற்கு இடமே வையார். உணவு முடியுமுன் கை கழுவச் செல்பவர்போல் எழுந்து போய்ப் பணம் கட்டிவிட்டு, ஒன்றும் அறியாதவர்போல் திரும்பி வந்து அமர்வர். இன்னும் சிலர், விருந்தினர் வருமுன்பே விடுதியாரிடம் முன்பணம் கொடுத்து வைப்பர். மற்றவர்கள் பில்லைக் கேட்கும்போது, 'அது முன்பே தீர்ந்துவிட்டது' என்று பணியாள் சொல்வார். மேசையில் பெருஞ்சிரிப்பு எழும். முந்திக்கொண்டவருக்கு வெற்றி, ஏமாந்தவருக்கு அடுத்த விருந்தின் பொறுப்பு.

இவ்வழக்கம் வேரூன்றியதற்குக் காரணங்கள் சில உண்டு. முதலாவது, உண்ணும் முறை. மேலைநாட்டு விடுதியில் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதைத் தனித்தனியே வரவழைத்து, தம் தட்டில் உள்ளதைத் தாமே உண்கின்றனர். எவர் எதை உண்டார் என்பது தெளிவு. சீன மேசையிலோ உணவு வகைகள் யாவும் நடுவில் வைக்கப்படுகின்றன. ஒவ்வொருவரும் தமக்குரிய சோற்றுக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, பொதுவான தட்டுகளிலிருந்து உணவுக் குச்சிகளால் சிறிது சிறிதாக எடுத்து உண்கின்றனர். விருந்தளிப்பவர் நல்ல துண்டைத் தேடி எடுத்து விருந்தினரின் கிண்ணத்தில் வைப்பதும் உண்டு. மீனில் யார் எத்தனை வாய் உண்டார் என்று யாரால் கணக்கிட முடியும்? பங்கிட இயலாத உணவுக்குப் பங்கிட்ட விலை பொருந்தாது அன்றோ?

இரண்டாவது காரணம், 'மியென்சு' என்று அவர்கள் வழங்குவது. அதற்கு 'முகம்' என்று பொருள். பிறர் நடுவில் ஒருவருக்கு உள்ள மதிப்பையே அச்சொல் குறிக்கிறது. சீனத்தின் புகழ்பெற்ற எழுத்தாளர் லூ சுன் 1934-ஆம் ஆண்டில் இந்த 'முகம்' பற்றியே தனிக்கட்டுரை ஒன்று வரைந்தார். மனம் உவந்து கொடுப்பவருக்கு முகம் உயர்கிறது. அந்த வாய்ப்பைப் பிறருக்கு விட்டுத் தருபவர், அவருக்கு முகம் அளித்தவர் ஆகிறார். ஆதலின், விட்டுக்கொடுப்பதும் ஒருவகை ஈகையே.

மூன்றாவது காரணமே மிக ஆழமானது. அதனை விளக்கியவர் ஃபெய் சியாவ்தொங் என்னும் சமூகவியல் அறிஞர். 1910-இல் பிறந்து 2005-இல் மறைந்த அவர், இலண்டனில் பயின்று 1938-இல் முனைவர் பட்டம் பெற்றவர். தம் நாட்டுச் சிற்றூர்களின் வாழ்வை நுணுகி ஆராய்ந்து, 1940-களின் பிற்பகுதியில் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். நெருங்கிப் பழகும் மக்கள் ஒருவருக்கொருவர் எப்பொழுதும் ஏதேனும் ஒரு கடன் பட்டவர்களாகவே இருக்கின்றனர் என்று அவர் காட்டினார். அத்தகையோர் மிகவும் அஞ்சுவது கணக்குத் தீர்ப்பதைத்தான். ஏனெனில், இருவர் நடுவே கணக்கு முற்றும் தீர்ந்துவிட்டால், இனி ஒருவர்க்கொருவர் ஒன்றும் இல்லை என்று பொருளாகிவிடும். கணக்குத் தீர்ப்பதும் உறவை முறிப்பதும் ஒன்றாகவே கருதப்பட்டன என்பது அவருடைய முடிபு.

இப்பொழுது 'அடுத்த முறை நான்' என்னும் சொல்லின் பொருள் விளங்கும். இன்று ஒருவர் கொடுத்தார், மற்றவர் கடன்பட்டார். அக்கடனை அடைக்க மீண்டும் ஒரு நாள் கூடவேண்டும். அன்று அவர் சற்றே சிறந்த விருந்தளிப்பார். கடன் இடம் மாறும். மறுபடியும் கூடவேண்டும். இவ்வாறு தராசுத் தட்டுகள் ஒருபோதும் சமனாகாமல் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கின்றன. ஆடும்வரை நட்பு வாழ்கிறது. மரியாதை என்பது போவதும் வருவதுமாக இருக்கவேண்டும் என்னும் கருத்து, சீனத்தின் பழைய நூலாகிய 'லீ ஜி' என்னும் சடங்கு நூலிலேயே இடம் பெற்றிருக்கிறது. கன்பூசிய மரபினர் போற்றும் ஐந்து நூல்களுள் அதுவும் ஒன்று.

இங்கே ஒரு வரலாற்றுக் கதையைச் சொல்ல விரும்புகிறேன். ஏறத்தாழ 2100 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சுமா சியென் என்னும் வரலாற்றாசிரியர் எழுதி வைத்தது அது.

ஹுவாய்யின் என்னும் ஊரில் ஹான் சின் என்ற ஏழை இளைஞன் இருந்தான். பிறர் வீட்டில் உண்டே காலம் கழித்தான். ஊர்த்தலைவர் ஒருவரின் வீட்டில் பல திங்கள் உண்டுவந்தான். தலைவரின் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் அவள் விடியுமுன்பே சமைத்து, படுக்கையிலேயே வீட்டார் உண்டு முடிக்குமாறு செய்துவிட்டாள். வழக்கமான வேளைக்கு ஹான் சின் சென்றபோது அவனுக்கு உணவு இல்லை. குறிப்பறிந்த அவன் சினத்தோடு வெளியேறினான். மீண்டும் அவ்வீட்டுப் படியை மிதிக்கவில்லை.

பின்னர் அவன் ஆற்றங்கரையில் மீன்பிடிக்க அமர்ந்திருந்தான். அங்கே பட்டு நூற்பஞ்சை அலசிக்கொண்டிருந்த பெண்களுள் மூதாட்டி ஒருத்தி அவன் பசியைக் கண்டாள். தன் உணவில் பங்கு கொடுத்தாள். வேலை முடியும்வரை பல நாள் தொடர்ந்து கொடுத்தாள். மனம் நெகிழ்ந்த ஹான் சின், பிற்காலத்தில் தான் அவளுக்குப் பெருங்கைம்மாறு செய்வதாகக் கூறினான். மூதாட்டி மகிழ்ந்தாள் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. கடுங்கோபம் கொண்டாள். தன்னைத்தானே காத்துக்கொள்ள இயலாத பிள்ளையின்மேல் இரங்கியே சோறிட்டதாகவும், கைம்மாறு எதிர்பார்த்து அன்று என்றும் கடிந்துரைத்தாள்.

காலம் மாறியது. ஹான் சின் பெரும்படைத் தலைவன் ஆனான், ஹான் பேரரசு அமையத் துணை நின்றான், கி.மு. 202-இல் சூ நாட்டின் அரசன் ஆனான். தன் நாட்டுக்கு வந்ததும் மூதாட்டியை அழைத்து ஆயிரம் பொன் வழங்கினான். ஊர்த்தலைவரையும் மறக்கவில்லை. அவரை அழைத்து, செய்யத் தொடங்கிய நன்மையை நிறைவு செய்யாதவர் என்று கூறி, நூறு காசு மட்டும் கொடுத்தான்.

இக்கதையில் மூன்று வகையான மனங்களைக் காண்கிறோம். நூறு காசு என்பது கணக்குத் தீர்த்தல். 'நீர் இட்ட சோற்றுக்கு இதோ விலை. இனி நமக்குள் ஒன்றும் இல்லை' என்பது அதன் பொருள். ஆயிரம் பொன் என்பது நன்றி. சில நாள் இட்ட உணவின் விலையோடு அதற்குத் தொடர்பே இல்லை. இவ்விரண்டிற்கும் மேலாக நிற்பது மூதாட்டியின் சினம். கைம்மாறு என்ற பேச்சே அவளுடைய ஈகையைக் கடனாக மாற்றிவிடுகிறது என்பதை எழுத்தறியாத அந்த உழைப்பாளி உணர்ந்திருந்தாள். 'ஒருவேளைச் சோறு, ஆயிரம் பொன்' என்பது இன்றும் சீன மொழியில் வழங்கும் பழமொழித் தொடர். பள்ளிச் சிறுவரும் அதனை அறிவர்.

மாணவர்களே, இதுவரை இவ்வழக்கத்தின் ஒளிமிக்க பக்கத்தைக் கண்டோம். நிழற்பக்கத்தையும் காணாவிடில் ஆராய்ச்சி நிறைவு பெறாது.

கடன் இனியது, ஆனால், அடைக்க வல்லவருக்கே இனியது. எட்டு நண்பர்கள் முறைவைத்து விருந்தளிக்கும்போது, அவர்களுள் ஒருவர் ஏழையாயின் அவர் நிலை என்ன? ஒருமுறை, இருமுறை உண்பார். 'அடுத்த முறை நான்' என்று சொல்ல நா எழாது. சொன்னால் ஒரு மாத வருவாய் ஒரே இரவில் கரையும். சொல்லாவிடில் முகம் போகும். மூன்றாம் முறை அழைக்கும்போது, உடல்நலம் இல்லை என்று சொல்லி ஒதுங்கிவிடுவார். நண்பர்களைச் சேர்த்து வைக்க வந்த வழக்கமே ஒரு நண்பரை வெளியே நிறுத்திவிடுகிறது. நெடுங்காலம் பள்ளியில் இருந்தவன் ஆகையால், இத்தகைய ஒதுங்குதலை நான் நன்கு அறிவேன். செருக்கினால் ஒதுங்குபவர் சிலரே. கூச்சத்தினால் ஒதுங்குபவரே பலர்.

இரண்டாவது கேடு, விருந்து கையூட்டாக மாறுவது. கடன்பட்டவர் திருப்பிச் செய்தாகவேண்டும் என்பது விதியானால், அலுவலர் ஒருவருக்கு இடும் பெருவிருந்து வெறும் விருந்தாக நில்லாது. பொதுப்பணத்தில் அலுவலர்கள் தம்முள் விருந்தாடுவதும் சீனத்தில் பெருகியிருந்தது. 2012 டிசம்பரில் ஆளும் கட்சியின் தலைமை எட்டு விதிகளை வகுத்து ஆடம்பரத்தைத் தடுக்க முற்பட்டது. அதன்பின் அலுவலக விருந்துகள்மீது கடுங்கண்காணிப்பு ஏற்பட்டது.

மூன்றாவது கேடு, உணவு பாழாவது. மேசையில் தட்டுகள் ஒழிந்துபோனால் விருந்தளித்தவர் கஞ்சர் என்று எண்ணுவரே என்னும் அச்சத்தால், உண்ணக்கூடியதைவிட மிகுதியாக வரவழைக்கும் பழக்கம் பரவியது. முகம் காப்பதற்காகச் சோறு குப்பைக்குச் சென்றது. 2021 ஏப்ரல் 29 அன்று, உணவு வீணாவதைத் தடுக்கும் சட்டமே சீனத்தில் நிறைவேறியது. அளவுக்கு மிஞ்சி வரவழைத்து வீணாக்குவோரிடம், அந்த மிச்சத்தை அகற்றும் செலவை விடுதியார் கேட்டுப் பெறலாம் என்று அச்சட்டம் கூறுகிறது.

இக்குறைகளைக் கண்டுதானோ என்னவோ, இளந்தலைமுறையினர் வேறொரு வழியை நாடினர். மொத்தச் செலவைத் தலைக்குச் சமமாகப் பங்கிட்டுக் கொடுப்பது அவ்வழி. ஆங்கில எழுத்துக்களைக் கொண்டு 'ஏஏ முறை' என்று அதனைச் சீனர் வழங்குகின்றனர். கல்லூரி மாணவர்களும், ஒத்த வயதுடைய அலுவலக நண்பர்களும் இன்று இதனை இயல்பாகக் கைக்கொள்கின்றனர். பெரியோர் பலருக்கோ, மேசையிலேயே காசை எண்ணிப் பிரிப்பது இன்னும் உவப்பாக இல்லை. குடும்ப விருந்திலும் வணிக விருந்திலும் பழைய முறையே மேலோங்கி நிற்கிறது.

புதிய முறைக்குக் கைபேசி பெருந்துணை ஆயிற்று. 'வீசாட்' என்னும் செய்தித்தொடர்புச் செயலி 2011-இல் தோன்றியது. பணம் செலுத்தும் வசதி 2013-இல் அதில் சேர்ந்தது. ஒருவர் முழுத்தொகையையும் கட்டிவிட்டு, மற்றவர்களின் பங்கைக் குழுவில் கேட்டுப் பெறும் வசதியும் அதில் உண்டு. மேசைமுன் எவரும் காசை எண்ணவேண்டுவதில்லை. வீடு சேர்ந்தபின் அமைதியாக அனுப்பிவிடலாம். ஏழை நண்பரும் தம் பங்கை மட்டும் கொடுத்துத் தலைநிமிர்ந்து அமரலாம். இது சிறு நன்மை அன்று.

ஆயினும், பழைய உள்ளம் புதிய கருவியிலும் புகுந்துகொள்ளும் விந்தையைப் பாருங்கள். வீசாட்டில் ஒருவர் பணம் அனுப்பினால், பெறுபவர் 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று அழுத்தினால்தான் அது அவரைச் சேரும். 24 மணி நேரத்துக்குள் அவ்வாறு அழுத்தாவிடில், பணம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். விருந்துச் செலவை ஏற்ற நண்பருக்கு மற்றவர் தம் பங்கை அனுப்புகிறார். நண்பர் அதனைத் தொடுவதில்லை. மறுநாள் பணம் தானே திரும்பி வருகிறது. சட்டைப் பையில் பணத்தைத் திரும்பச் செருகிய அதே கை, இங்கே செருகாமலேயே செருகிவிட்டது! போராட்டத்தின் ஒலி அடங்கியது, பொருள் அடங்கவில்லை.

எது சிறந்தது? பங்கிடுவதா, மாறிமாறிக் கொடுப்பதா? ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்த நான் முற்படவில்லை. பங்கிடுவதில் நேர்மை இருக்கிறது. எளியவரைக் காக்கும் இரக்கமும் அதில் இருக்கக்கூடும். மாறிமாறிக் கொடுப்பதில் நம்பிக்கை இருக்கிறது. 'நாம் மீண்டும் சந்திப்போம்' என்னும் உறுதி இருக்கிறது. எம்முறையாயினும், மேசையில் அமர்ந்திருப்போருள் மிக எளியவர் மனம் நோகாமல் எழுந்து செல்கிறாரா என்பதே உரைகல்.

கல்வியின் பொருட்டோ தொழிலின் பொருட்டோ நாளை உங்களுள் சிலர் சீன நண்பர்களோடு ஒரே மேசையில் அமர நேரலாம். அவர்கள் பில்லைப் பற்றிக்கொண்டு தர மறுத்தால் வியப்படையாதீர்கள், சினம் கொள்ளாதீர்கள். ஓரிரு முறை வற்புறுத்துங்கள். பிறகு இன்முகத்தோடு விட்டுக்கொடுங்கள். 'அடுத்த முறை நான்' என்று சொல்லுங்கள். சொன்னதை மறவாது செய்யுங்கள். அந்த நண்பர் இயலாதவராயின், அவருடைய முறை வருமுன், பிறர் அறியாதவாறு எழுந்து சென்று பணத்தைக் கட்டிவிட்டு, ஒன்றும் அறியாதவர்போல் திரும்பி வந்து அமருங்கள். ஆற்றங்கரை மூதாட்டி அதனைத்தான் மெச்சுவாள்.